மிதிவண்டியை மருந்தாகப் பரிந்துரைத்த இதய மருத்துவர்: பால் டட்லி ஒயிட்டின் வாழ்க்கையும் துடிப்பு காட்டும் கருவியும்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பியவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் முதலில் எழும் ஐயங்களுள் ஒன்று, இனி உடலுக்கு எவ்வளவு உழைப்புக் கொடுக்கலாம் என்பதாகும். மருத்துவரின் அனுமதியுடன் மிதிவண்டி ஓட்டத் தொடங்கும் சிலர், கைப்பிடியில் பொருத்தும் சிறு கணினியையும் அதனுடன் கம்பியின்றி இணையும் மார்புப் பட்டையையும் வாங்குகின்றனர். வேகத்துடனும் தொலைவுடனும் நிமிடத்துக்கு எத்தனை முறை இதயம் துடிக்கிறது என்பதும் திரையில் தெரிகிறது. அந்த எண்ணை எப்போது நம்புவது, எப்போது ஐயுறுவது, எப்போது வண்டியை நிறுத்துவது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இதய நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்த மருத்துவர்களுள் முதன்மையானவரான பால் டட்லி ஒயிட்டின் வாழ்க்கையோடு சேர்த்து இதைப் படித்தால், கருவியின் பயனும் அதன் எல்லையும் உங்களுக்குத் தெளிவாகும்.

சகோதரியின் இழப்பு

ஒயிட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் 1886 ஜூன் 6 அன்று பிறந்தார். தந்தை குடும்ப மருத்துவர். குதிரை வண்டியில் நோயாளிகளின் வீடுகளுக்குத் தந்தை சென்றபோது சிறுவனான ஒயிட்டும் உடன் சென்றார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1911-இல் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அவருடைய தங்கை டோரத்தி, கீல்வாதக் காய்ச்சலால் விளைந்த இதய நோயால் இளமையிலேயே இறந்தார். இதய நோயின் பக்கம் அவர் மனம் திரும்பியதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

குழந்தைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டை அழற்சியை முறையாகக் குணப்படுத்தாவிட்டால் பின்னாளில் இதய வால்வுகள் பாதிக்கப்படலாம் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். டோரத்தியின் காலத்தில் பெனிசிலின் இல்லை. இன்று அது அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

உப்பு நீரில் கைகளும் கால்களும்

இதய நோய் தனித் துறையாக வளராத காலம் அது. ஒயிட் 1913-இல் லண்டன் சென்று, யுனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் தாமஸ் லூயிஸ் என்னும் ஆய்வாளரிடம் பயின்றார். நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய மின் இதய வரைவுக் கருவியை லூயிஸ் நோயாளிகளிடம் பயன்படுத்திக்கொண்டிருந்தார். இன்று நாம் இ.சி.ஜி. என்று அழைக்கும் சோதனையின் தொடக்க வடிவம் அது. 1914-இல் நாடு திரும்பிய ஒயிட், தம் மருத்துவமனையில் அத்தகைய கருவி ஒன்றை நிறுவி அதற்கான ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்.

ஐந்தோவனின் முதல் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்பு நீர் நிரம்பிய கலங்களில் அமிழ்த்தி அமர வேண்டும். தோலின் மேல் கிடைக்கும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கருவிக்குக் கடத்த ஈரமும் உப்பும் வேண்டும் என்பதே காரணம். உங்கள் மார்புப் பட்டையை அணியுமுன் அதன் உட்புறத்திலுள்ள மின்வாய்ப் பகுதிகளை நீரால் நனைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். பட்டை உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்களில் திரையில் எண் வராது, அல்லது தவறான எண் வரும். வியர்வை ஊறிய பிறகு அளவு சீராகும்.

எண்ணும் வடிவமும்

ஒயிட்டின் பெயரை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். 1928-இல் 35 வயதுடைய ஒருவர் அவரிடம் அனுப்பப்பட்டார். பார்ப்பதற்கு நல்ல உடல்நலம் உடையவர். ஆயினும் திடீர் திடீரென இதயம் மிக வேகமாகத் துடிக்கத் தொடங்கும், பின்னர் தானே அடங்கும். அவருடைய மின் வரைபடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு வடிவம் காணப்பட்டது. பாஸ்டனில் லூயிஸ் உல்ஃப் உடனும், லண்டனில் இதே போன்ற நோயாளிகளைக் கண்டிருந்த ஜான் பார்க்கின்சன் உடனும் சேர்ந்து, இத்தகைய 11 பேரைப் பற்றி 1930-இல் ஒயிட் கட்டுரை வெளியிட்டார். மூவர் பெயராலும் அது உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின் தூண்டல் செல்ல இயல்பான ஒரு பாதை உண்டு. இவர்களுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை இருப்பது பின்னர் உறுதிப்பட்டது. தூண்டல் இரு பாதைகளிலும் சுற்றிவரத் தொடங்கினால் துடிப்பு சட்டென உயர்கிறது. இன்று மெல்லிய குழாய் வழியாக அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டு அகற்றிப் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது.

உங்கள் கருவியின் எல்லையைப் புரிந்துகொள்ள இந்த நோயே நல்ல சான்று. மார்புப் பட்டையும் இதயத்தின் மின்னோட்டத்தையே உணர்கிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் எழும் உயரமான முனையை மட்டும் அது கண்டு, முனைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு, சில நொடிகளின் சராசரியை எண்ணாகக் காட்டுகிறது. அலையின் வடிவத்தை அது பார்ப்பதில்லை. ஒயிட் நோயைக் கண்டறிந்தது வடிவத்தைப் பார்த்துத்தான். ஆகவே திரையில் எண் சரியாக இருப்பதால் இதயத்துக்குப் போதிய இரத்தம் செல்கிறது என்று முடிவு செய்ய இயலாது. மார்பு வலி இருந்தால், எண் எதுவாக இருப்பினும், வலியே முதன்மையானது.

மறுபுறம், ஓர் எண் உயர்ந்தவுடன் அஞ்ச வேண்டியதும் இல்லை. படபடப்பும் களைப்பும் கொண்டு, இதய நோய் என அஞ்சி வாழ்ந்தவர்கள் பலரை ஒயிட் கண்டார். அவர்களுள் 173 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவரும் அவருடைய சகாக்களும் 1950-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுடைய ஆயுள் மற்றவர்களைவிடக் குறையவில்லை. மருத்துவர் பரிசோதித்து நோயில்லை என்று உறுதி கூறிய பிறகும் நாள் முழுவதும் துடிப்பை அளந்துகொண்டிருப்பது அச்சத்தையே வளர்க்கும்.

படுக்கையிலிருந்து எழுந்த அதிபர்

1955 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. அவருக்கு அப்போது வயது 64. ஆலோசனைக்கு ஒயிட் அழைக்கப்பட்டார். 26-ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தை பெரும் சரிவைக் கண்டது. அன்றே ஒயிட் செய்தியாளர்களைச் சந்தித்து, இதயத் தமனியில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டதை எளிய சொற்களில் விளக்கினார். அதிபரின் மலம் கழிப்பு உட்பட எதையும் அவர் மறைக்கவில்லை. மாரடைப்பு என்பது வெளியில் சொல்லத் தகாத நோய், வந்தவர் இனி எதற்கும் பயன்பட மாட்டார் என்று பரவலாக எண்ணப்பட்ட காலம் அது.

மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் அசையாமல் படுக்கையில் வைத்திருப்பதே அன்றைய வழக்கம். நீண்ட படுக்கையினால் தசைகள் மெலிகின்றன. கால் நரம்புகளில் இரத்தம் உறைகிறது. மனமும் சோர்கிறது. ஒயிட் படிப்படியான அசைவை ஆதரித்தார். ஐசனோவர் முதலில் நாற்காலியில் அமர்ந்தார், பின்னர் நடந்தார், நவம்பர் 11 அன்று மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். 1956 பிப்ரவரியில், அவர் சுறுசுறுப்பான வாழ்வைத் தொடர இயலும் என ஒயிட்டும் மற்ற மருத்துவர்களும் கருத்துரைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் மீண்டும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் அவருக்குச் சிறிய பக்கவாதம் ஏற்பட்டது, பின்னாளில் மீண்டும் மாரடைப்புகளும் வந்தன. ஆயினும் முதல் மாரடைப்புக்குப் பின் 13 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 1969 மார்ச் 28 அன்று மறைந்தார். உடற்பயிற்சி நோயை முற்றிலும் அகற்றிவிடாது. நோயோடும் பயனுள்ள நெடிய வாழ்வு இயலும் என்பதையே அவர் வரலாறு காட்டுகிறது.

மிதிவண்டிப் பாதை

ஒயிட் தாம் கூறியதைத் தாமே கடைப்பிடித்தார். முதிய வயதிலும் நடந்தார், விறகு வெட்டினார், மிதிவண்டி ஓட்டினார். கார்கள் பெருகிய நாட்டில் மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் வேண்டும் என்று வலியுறுத்தினார். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் செல்லும் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நோய் வருமுன் காப்பதிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. 1924-இல் அமெரிக்க இதயச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 40 வயதுக்குட்பட்ட 100 மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1937-இல் சகாக்களுடன் வெளியிட்டார். மாரடைப்பு முதுமையின் நோய் மட்டுமன்று என்பதை அது உணர்த்தியது. 1948-இல் அமெரிக்காவில் தேசிய இதய நிறுவனம் உருவானபோது அதன் ஆலோசனைக் குழுவை வழிநடத்தினார். அதே ஆண்டில் பிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுநாள் ஆய்வுதான், புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை மாரடைப்பின் காரணிகளாக உலகுக்கு உறுதிப்படுத்தியது.

பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 7 முறை வென்றவர் கிளாரன்ஸ் டிமார். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகவும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்றும் இளமையில் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் நிறுத்தவில்லை. 1958-இல் தம் 70-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இதயத்தை ஆராய்ந்த ஒயிட்டும் சகாவும் 1961-இல் முடிவை வெளியிட்டனர். இதயத் தமனிகள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. ஒருவரின் இதயத்தைக் கொண்டு எல்லோருக்கும் பொதுவிதி வகுக்க இயலாது. எனினும் கடும் உழைப்பு இதயத்தைத் தேய்த்துவிடும் என்ற பழைய அச்சம் தளர இது உதவியது.

முதுகுச் சுமையிலிருந்து மார்புப் பட்டை வரை

இயங்கிக்கொண்டிருக்கும் மனிதரின் இதயத்தை அளக்க வேண்டும் என்ற விருப்பத்தை, மொன்டானா மாநிலத்தின் ஹெலினா நகரைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் 1940-களின் பிற்பகுதியில் நிறைவேற்றினார். இதய மின்னோட்டத்தை வானொலி அலையாக அனுப்பிய அவருடைய கருவி சுமார் 38 கிலோ எடை கொண்டது. அதை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு நாள் முழுவதும் உடலில் அணிவித்து எடுக்கப்படும் பதிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் கம்பியின்றித் துடிப்பை அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் மிதிவண்டிக் கணினி அந்த வழியில் வந்ததே. ஒயிட் அதைக் காண உயிரோடில்லை.

கணினியை முதன்முதலில் பொருத்தும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• சக்கரத்தின் கம்பியில் காந்தமும் அதற்கெதிரே உணரியும் இருக்கும் வகையில், சக்கரத்தின் சுற்றளவைக் கணினியில் சரியாகப் பதிய வேண்டும். அது தவறினால் வேகமும் தொலைவும் தவறும். துடிப்பின் எண் அதனால் மாறாது.

• பட்டை மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, நழுவாத அளவு இறுக்கமாகவும் மூச்சுக்குத் தடையில்லாமலும் இருக்க வேண்டும்.

• எண் திடீரென 200-ஐத் தாண்டினாலோ சுழியம் காட்டினாலோ, உலர்ந்த பட்டை, தளர்ந்த பட்டை, காற்றில் படபடக்கும் செயற்கை இழைச் சட்டை, வலுவிழந்த மின்கலம் ஆகியவை காரணமாகலாம். பழைய வகைக் கருவிகளில் உயர் அழுத்த மின்கம்பிகளும் அருகில் ஓட்டுபவரின் பட்டையும் குறுக்கிடக்கூடும்.

• ஐயம் எழுந்தால் ஓரமாக நிறுத்தி, மணிக்கட்டில் நாடியை 30 நொடிகள் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கருவியைவிட உங்கள் விரல் நம்பத்தக்க தருணங்கள் உண்டு.

• ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு இக்கருவியின் எண் சரியாக இராது. இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பட்டையை அணிய வேண்டும்.

• கருவியிலுள்ள பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உங்கள் எல்லை எண் எது?

220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணைப் பல கணினிகள் உச்சத் துடிப்பாக எடுத்துக்கொள்கின்றன. அது பலரின் சராசரி. நலமானவர்களிடையேகூட 10 அல்லது அதற்கும் மேற்பட்ட துடிப்புகள் வேறுபடும். மெட்டோப்ரோலால், அடினோலால், பைசோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஓய்விலும் உழைப்பிலும் துடிப்பைக் குறைப்பதே அம்மருந்துகளின் வேலை. கணினி காட்டும் இலக்கை எட்டுவதற்காகக் கூடுதலாக மிதிப்பதும், எண் குறைவாக உள்ளதென்று மாத்திரையை நிறுத்துவதும் பேராபத்து.

உங்களுக்குரிய எல்லையை மருத்துவர் தீர்மானிப்பார். நடைபட்டைச் சோதனையில், துடிப்பு 120-ஐ எட்டும்போது இரத்த ஓட்டக் குறைவு தெரிந்தால், அதற்கு 10 குறைவாக, அதாவது 110-ஐ மேல் எல்லையாக வைப்பது வழக்கம். சோதனை செய்யப்படாத தொடக்க வாரங்களில், ஓய்வுநிலைத் துடிப்பைவிட 20 முதல் 30 வரை மட்டுமே கூடலாம் என்று வரையறுப்பதும் உண்டு. அவர் கூறும் எண்ணைக் கணினியின் எச்சரிக்கை ஒலிக்குரிய எல்லையாகப் பதிந்துகொள்ளுங்கள். இத்துடன் பேச்சுச் சோதனையையும் கைக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் உழைப்பு அளவானது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் வாரங்களில் நிலையான மிதிவண்டியே பாதுகாப்பானது. தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 நிமிடங்கள் மெதுவாக மிதியுங்கள். திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு கூடும் வரை சாலையில் ஓட்டக் கூடாது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் கீழே விழுந்தால் இரத்தக்கசிவு மிகும். ஆதலால் தலைக்கவசம் கட்டாயம். சாலையில் செல்லும்போது கண்கள் பாதையில் இருக்கட்டும். எண்ணை நின்ற பிறகும் பார்க்கலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

மார்பில் வலி, அழுத்தம் அல்லது எரிச்சல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மிகுந்த மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், மருத்துவர் கூறிய முறைப்படி பயன்படுத்துங்கள். வலி சில நிமிடங்களில் தணியாவிட்டால், அல்லது மயக்கம் வந்தால், 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டியோட்டி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டாம்.

வலியில்லாமல் துடிப்பு மட்டும் சட்டென உயர்ந்து, ஓய்வெடுத்த பிறகும் குறையாமல், பின்னர் சட்டென அடங்கினால், நாடியை எண்ணிச் சரிபார்த்து, தொடங்கிய நேரத்தையும் அடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒயிட் கண்ட 35 வயது நோயாளியின் தொல்லையும் இவ்வகையே. அக்குறிப்புடன் சென்று இ.சி.ஜி. எடுத்துக்கொண்டால், மருத்துவர் காரணத்தைக் கண்டறிய அது பெரிதும் உதவும்.

கவனிப்பவர்களுக்கு

நோயாளியை எதையும் செய்யவிடாமல் காப்பது அன்பினால் எழுவதே. ஆயினும் அது அவரை மேலும் பலவீனப்படுத்தலாம். முதல் நாள்களில் உடன் செல்லுங்கள். எல்லை எண்ணையும் மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். வாரந்தோறும் பயிற்சி நேரத்தையும் அதிகபட்சத் துடிப்பையும் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணைக் காட்டி அவரை அச்சுறுத்தாதீர்கள், போட்டிக்கும் தூண்டாதீர்கள்.

ஒயிட் 1971-இல் தம் 85-ஆம் வயதில் சீனாவுக்குப் பயணம் செய்தார். 1973 அக்டோபர் 31 அன்று, பக்கவாதத்தின் விளைவாகப் பாஸ்டனில் மறைந்தார். 1986-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. இதய நோயாளிக்கு வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதை நோயாளியிடமும் உலகிடமும் தெளிவாகச் சொன்னது அவர் செய்த பெரும்பணிகளுள் ஒன்று. அதே சொல் உங்களுக்கும் பொருந்தும். கருவியை வாங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் உட்கொள்ளும் மருந்துகளுடன், என் துடிப்பு எந்த எண்ணைத் தாண்டக் கூடாது? அந்த விடை கிடைத்த பிறகே திரையில் தெரியும் எண் உங்களுக்குப் பொருள் தரும்.

இப்பக்கத்திலுள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் மருந்திலோ பயிற்சியிலோ மாற்றம் செய்யுமுன், உங்களைப் பரிசோதித்துவரும் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.